'உங்க' என்றால் எங்கே

"உங்களால் நடுநிலையாக இருக்க முடியுமா?" என்று என் தலைவர் கேட்டபோது எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மியூனிக்கில் போரால் மனம் நொந்தவர்களைப் பார்க்கும் ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தில் நான் உளவியலாளராக இருந்த காலம் அது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பொஸ்னியர், குர்தியர், ஆப்கானியர் என்று எத்தனையோ பேரோடு உட்கார்ந்து கதைத்து, நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் நடுநிலையை யாரும் விசாரிக்கவில்லை. இந்த முறை மட்டும் விசாரித்தார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. பார்க்க வேண்டிய ஆள் தமிழ்நாட்டுக்காரர். எண்பதுகளின் கடைசியில் இந்தியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த படையில் சிப்பாயாக இருந்து, அங்கேயே ஒரு காலை விட்டுவிட்டுப் போனவர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அந்தப் படை எங்கள் வீட்டு ஒழுங்கையால் போனபோது பாடசாலைச் சீருடையோடு வாசல் படலைக்குள் நின்று பார்த்தவள். தமிழருக்குத் தமிழ் தெரிந்த ஆள் கிடைத்தால் வேறென்ன வேண்டும் என்று நினைத்துத்தான் அரச வழக்கறிஞர் அலுவலகம் எங்களுக்கு எழுதியிருந்தது. எந்தத் தமிழ் என்று அவர்கள் கேட்கவில்லை. ஜெர்மன்காரருக்கு அப்படிக் கேட்கத் தோன்றவும் நியாயமில்லை.

"முடியும்," என்றேன். "முடியாவிட்டால் முதலில் நானே வந்து சொல்வேன். எனக்கு வாய் நீளம் என்று உங்களுக்குத் தெரியும்தானே."

அவர் சிரித்துவிட்டு வழக்குக் கோப்பைத் தந்தார்.

நடந்தது இதுதான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை இந்த முன்னாள் சிப்பாய் மகளோடு அங்கே நல்லெண்ணெய் வாங்கப் போயிருக்கிறார். எண்ணெய் எங்கே என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் பதில் சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்து குனிந்ததும், இவர் பாய்ந்து அவரைத் தரையில் தள்ளி மேலே விழுந்துவிட்டார். கடைக்காரரின் மணிக்கட்டு முறிந்தது. நாலு பேர் சேர்ந்துதான் இழுத்துப் பிரித்தார்கள். "ஆமிக்காரன், எங்கட கதையைக் கேட்டதும் பழைய கோபத்தில பாய்ஞ்சவன்" என்று, இவர் இந்தியப் படையில் இருந்தவர் எனப் பிறகு அறிந்த கடைக்காரர் பொலிசில் சொல்லிவிட்டார். அந்த வாரமே மியூனிக்கில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கதை தெரிந்துவிட்டது. என் காதுக்கும் வந்தது, கோப்பு வருவதற்கு முன்பே.

வேண்டுமென்று தாக்கினாரா, நோயினால் நடந்ததா என்பதை நான் சொல்ல வேண்டும். மகள் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்த்தாள். ஒரே பிள்ளை. தாய் போனபின் தகப்பனைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி விசா எடுத்திருந்தாள். தண்டனை விழுந்தால் அந்த விசா நீடிக்காது. ஊரில் பூட்டிய வீடு ஒன்றைத் தவிர அவருக்கு யாரும் இல்லை.

முதல் நாள் அவர் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து வரவேற்பறையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. இரண்டு சப்பாத்துகளும் ஒரே பளபளப்பு. செயற்கைக் காலின் சப்பாத்துக்கும் அதே அளவு பொலிஷ் போட்டிருந்தார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போவது வேறு, அறிக்கை வேறு.

"வணக்கம் டாக்டரம்மா," என்றார்.

"வணக்கம் ஐயா. வாங்கோ, இருங்கோ," என்றேன்.

என் பேச்சைக் கேட்டதும் முகம் லேசாக மாறியது. உட்கார்ந்தார். ஊன்றுகோலை எங்கே சாய்ப்பது என்று பார்த்தார். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலே சுவர் மூலை இருந்தது. "உங்க வையுங்கோ, ஐயா," என்று கையைக் காட்டினேன்.

அவர் அப்படியே நின்றுபோனார். உட்கார்ந்திருக்கிற மனிதர் நின்றுபோனார் என்று எழுதுவது பிழைதான், ஆனால் வேறு சொல் எனக்கு வரவில்லை. கண் தரைக்குப் போயிற்று. தூக்கியிருந்த நல்ல காலை, எந்த இடத்திலிருந்து தூக்கினாரோ அதே இடத்தில் மெல்லத் திருப்பி வைத்தார். மேலுதட்டில் வியர்வை. ஜன்னல் திறந்திருந்தது, வெளியே குளிர்.

அவருடைய ஊன்றுகோலை நானே எழுந்துபோய் வாங்கி மூலையில் வைத்தேன். அதற்குப் பிறகு வானொலியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி எழுத்துத் தமிழில் கதைக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு சீராகியது. சரி, இவருக்கு நோவு என் பேச்சில்தான் இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். பாதிதான் கண்டுபிடித்திருந்தேன் என்பது பிறகு தெரிந்தது.

இந்த மாதிரிப் பரிசோதனைக்கு வரிசையாகக் கேள்விகள் உண்டு. கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிடுகிறீர்களா, எதையாவது தவிர்க்கிறீர்களா என்று போகும். அவர் எல்லாவற்றுக்கும் அணிவகுப்பில் பதில் சொல்கிறவர் போலப் பதில் சொன்னார்.

"கனவெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. தூக்கம் நல்லா வரும். கால் வலிச்சா முழிச்சுக்குவேன், அவ்வளவுதான்."

"கூட்டமான இடங்களுக்குப் போவீர்களா?"

"கால் இப்படி இருக்கறப்ப கூட்டத்துல யாராவது இடிச்சுட்டா விழுந்துருவேன்ல. அதனால போறதில்ல."

"உணவகத்தில் எங்கே உட்காருவீர்கள்?"

"சுவத்துல முதுகு சாஞ்சாப்ல, வாசலப் பாத்து. காலை நீட்ட இடம் வேணுமில்ல."

கால் இழந்தவர்களைப் பரிசோதிப்பதில் இருக்கிற வில்லங்கமே இதுதான். நோய் அந்தக் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இரவில் விழிப்பதற்குக் கால் காரணம், வெளியே போகாததற்குக் கால் காரணம், எரிந்து விழுவதற்கும் கால் காரணம். அவர் பொய் சொல்லவில்லை. அவரே அப்படித்தான் நம்பினார். இதற்கு முன் அவரைப் பார்த்த மருத்துவர் எலும்பையும் தசையையும் பார்த்து, மனநிலை சீராக இருக்கிறது என்று ஒரு வரியும் எழுதி அனுப்பியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வரியை நம்பவும் மாட்டேன்.

அவருடைய சம்மதத்தோடு மகளையும் உள்ளே கூப்பிட்டேன்.

"அப்பா ரொம்ப நார்மல் மேடம். டிசிப்ளின். காலைல நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி காபி போட்டு வச்சிருவார். என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு பார்க்குக்கு மட்டும் வரமாட்டார். ஆர்ட்டிஃபிஷியல் லெக், புல்லுல பேலன்ஸ் கிடைக்காதுல்ல."

"வீட்டிலிருந்து ரயிலுக்கு எந்தத் தெருவால் போவீர்கள்?"

"பழைய தெரு மேடம், கல்லு பதிச்சது. அதுல வேகமா நடப்பார். நான்தான் பின்னாடி ஓடணும்."

குண்டும் குழியுமான கல் தெருவில் வேகமாக நடக்கிறவருக்கு வெட்டிச் சமன் செய்த புல் ஒரு பொருட்டா? நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, இரண்டு காலும் இருந்திருந்தால் புல்லில் நடப்பீர்களா?"

மகள் தகப்பனைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"மாட்டேன்," என்றார் கடைசியில்.

அன்றைக்கு அது போதும் என்று நிறுத்தினேன். வெளியே போகும்போது மகள் மட்டும் கதவில் நின்று மெல்லிய குரலில் சொன்னாள்: "கடைக்காரருக்கு மட்டும் இல்ல மேடம், அன்னைக்கு அப்பாவுக்கும் காயம். புறங்கை ரெண்டும் தோல் உரிஞ்சு போச்சு. போலீஸ்ல அதை யாரும் கேக்கவே இல்ல."

புறங்கை என்றாள். முஷ்டியால் குத்துகிறவருக்குக் கணுக்களில் காயம் வரும். தள்ளி விழுகிறவருக்கு உள்ளங்கையில் வரும். புறங்கை முழுவதும் எப்படி உரியும் என்று வீடு போய்ச் சேரும் வரை யோசித்தேன். என் கணவர் சோறு போட்டுத் தந்தபோது என் கையை நிலத்தில் மல்லாக்க வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கட்டி வருஷங்களாகிவிட்டன, பழகிப்போயிற்று.

அரச வழக்கறிஞர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். நான் சாமான் வாங்குவது வேறு கடையில், அதனால் அறிமுகம் இல்லை. மணிக்கட்டில் கட்டோடு மற்றக் கையால் பில் போட்டுக்கொண்டிருந்தார். என் பேச்சைக் கேட்டதும் தன் பக்கத்து ஆள் என்று மலர்ந்துவிட்டார்.

"அக்கா, நான் ஒண்டும் செய்யேல்லை. நல்லெண்ணெய் எங்க எண்டு கேட்டார். 'ஐயா, உங்க கிடக்கு, காலடியில' எண்டு சொல்லிப்போட்டு, கால் ஏலாத மனுசன்தானே, எடுத்துக் குடுப்பம் எண்டு குனிஞ்சன். பாய்ஞ்சு விழுத்திப்போட்டார்."

"விழுத்தின பிறகு என்ன செய்தவர்?"

"எனக்கு மேல கிடந்தவர். ரெண்டு கையாலயும் என்ர தலையைப் பிடிச்சு நிலத்தில அடிக்கப் பாத்தவர்."

"தலையில காயமோ?"

"இல்லை. தெய்வாதீனம்."

"அடிச்சவரோ, பிடிச்சவரோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் யோசித்தார். நல்ல மனிதர், யோசிக்கச் சொன்னால் யோசிக்கிறவர். "பிடிச்சவர்," என்றார். "கை தலைக்குக் கீழ இருந்தது."

"ஏதும் சொன்னவரோ?"

"அதுதான் அக்கா எனக்கு ஆத்திரம். 'லேட், லேட்' எண்டு காதுக்குள்ள கத்தினவர். என்ன லேட்? கேட்ட உடன எடுத்துக் குடுக்கத்தானே குனிஞ்சன். ஒரு போத்தல் எண்ணெய்க்கு இவ்வளவு அவசரமோ?"

எனக்கும் விளங்கவில்லை. மாலையில் மகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவள் அந்தச் சொல்லை இரண்டு முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "லேட்டுன்னா இங்கிலீஷ் இல்ல மேடம். ஹிந்தி. லேட் ஜாவோன்னா படுத்துக்கோன்னு அர்த்தம். மிலிட்டரில அப்பா ஹிந்திதான் பேசியிருப்பார்."

ஆளைத் தரையில் படுக்கவைத்து, தலைக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் கொடுத்து, தன் உடம்பால் மூடி, படுத்துக்கொள் படுத்துக்கொள் என்று கத்தியிருக்கிறார். இதற்குப் பெயர் தாக்குதல் என்றால் எனக்கு ஜெர்மனும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆனால் எதிலிருந்து காப்பாற்றினார்? நல்லெண்ணெயிலிருந்தா?

இரண்டாவது முறை வந்தபோது அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டேன். "ஐயா, என் ஊர்ப் பேச்சு உங்களை வருத்துகிறது என்று கவனித்தேன். அதனால் இப்படிக் கதைக்கிறேன். நீங்கள் விரும்பினால் மட்டும், கால் போன அந்த நாளைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம்."

அவர் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

"என்னை வேற பிரிவுலேர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்தாங்கம்மா. அங்க எல்லாரும் வடக்கத்திக்காரங்க. தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும்னு என்னைக் குடுத்தாங்க. ஜனங்க என்ன சொன்னாலும் ஆபீசர் என்னைத்தான் பாப்பார். நான் ஹிந்தில சொல்லணும். அதுல எனக்கு ஒரு பெருமை கூட உண்டு. தமிழ்நாட்டுல பொறந்தவன், தமிழ் எனக்கா தெரியாதுன்னு."

"ம்."

"ஒரு நாள் ஒரு சந்து வழியா போறோம். ரெண்டு பக்கமும் ஓலை வேலி. முன்னாடி என் சேக்காளி போறான். பஞ்சாபிப் பையன். ஒரே தட்டுல சாப்புடுவோம். நான் அவனுக்குப் பின்னாடி. ஆபீசர் எனக்குப் பின்னாடி. வேலிக்கு அந்தாண்ட ஒரு பொம்பள நின்னுச்சு. என்னைப் பாத்து, 'தம்பி, உங்க வெடி கிடக்கு'ன்னுச்சு. சிரிச்ச முகம்."

என் பேனா நின்றுவிட்டது.

"என்ன சொல்றான்னு ஆபீசர் கேட்டார். நம்ம வெடி ஒண்ணு அவங்க பக்கம் கிடக்காம் சார், வந்து எடுக்கச் சொல்றான்னு சொன்னேன். வெடிக்காத குண்டு கிண்டு ஏதாவது அவங்க முற்றத்துல விழுந்திருக்கும், புகார் சொல்றான்னு நெனச்சேன். அப்புறம் பாத்துக்கலாம், நடன்னார் ஆபீசர். பையன் காலை எடுத்து வச்சான்." அவர் நிறுத்தினார். "அவன் போயிட்டான். எனக்குக் கால். பேச்சுக் குடுத்து என்னை ஏமாத்திட்டாம்மா அவ. இப்பவும் சில நாள் வருவா. வேலிக்குப் பின்னாடி நின்னு சிரிப்பா. கனவு இல்லன்னு சொன்னேன்ல, பொய். அவ வருவா."

எனக்கு விளங்கிவிட்டது. வெளியே காட்டாமல் இருக்கப் பயிற்சி உண்டு, காட்டவில்லை. அவர் சொன்னதில் எங்கே பிழை நடந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தார் கதைக்கும்போது மூன்று இடம் உண்டு. நான் நிற்கிற இடம் இஞ்ச. இருவருக்கும் எட்டத்தில் இருப்பது அங்க. கேட்கிறவர் நிற்கிற பக்கம் உங்க. 'உங்களுடைய' என்று சொல்ல எங்களுக்கு 'உங்கட' இருக்கிறது, அதனால் எங்களுக்குக் குழப்பமே வராது. தமிழ்நாட்டில் இந்த மூன்றாவது இடம் எப்போதோ பேச்சிலிருந்து போய்விட்டது. அவர்களுக்கு 'உங்க' என்றால் 'உங்களுடைய' மட்டும்தான். அந்தப் பெண் சொன்னது உங்களுடைய வெடி என்று அல்ல. தம்பி, நீ நிற்கிற பக்கத்தில் வெடி கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். தன் வேலிக்குள் பேசாமல் நின்றிருக்கலாம். நிற்காமல், துவக்கும் தோட்டாவுமாக வந்த ஒருவனைத் தம்பி என்று கூப்பிட்டு எச்சரித்திருக்கிறாள். சிரிப்பும் சிரிப்பாக இருந்திருக்காது. பயத்தில் முகம் கோணினால் சிரிப்பது மாதிரித்தான் இருக்கும். என் வேலையில் அதைத் தினமும் பார்க்கிறேன்.

நான் ஊன்றுகோலுக்குச் சொன்னதும் 'உங்க'. கடைக்காரர் எண்ணெய்க்குச் சொன்னதும் 'உங்க கிடக்கு'. அவருடைய காது அந்தச் சொல்லைப் பிழையாக எடுத்துக்கொண்டது. உடம்பு சரியாக எடுத்துக்கொண்டது. காலடியில் வெடி, பக்கத்தில் ஒருவன் குனிகிறான், படுக்கவை, மூடு. அன்றைக்குச் சேக்காளிக்குச் செய்ய முடியாததைக் கடைக்காரருக்குச் செய்திருக்கிறார்.

அன்று அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்னாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் அந்தப் பெண்மேல் இருந்த பழி அவள்மேலிருந்து இறங்கி நேராக இவர் தலையில் ஏறும். மொழிபெயர்த்தவர் இவர்தானே. அறிக்கைக்கு அது தேவையும் இல்லை. நோய் இருக்கிறது என்று காட்டுவதற்கு அந்தச் சொல் அவரை என்ன செய்கிறது என்பதே போதும்.

அறிக்கையை ஒரே மூச்சில் எழுதினேன். புல், சுவர் மூலை, புறங்கை, லேட், எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. 'உங்க' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் செலவானது. தலைவர் வாசித்துவிட்டு என் அறைக்கு வந்தார். "எங்கள் ஹீர், டோர்ட் மாதிரி, இங்கே, அங்கே," என்றார். "மூன்றாவதுக்கு எங்களிடமும் ஒன்று இருக்கிறதே. டா. உன் பக்கத்தில், டா." ஜெர்மன்காரருக்கு இரண்டு நிமிஷத்தில் விளங்கியது, தமிழருக்குள் விளங்காமல் ஒரு உயிரும் ஒரு காலும் போயிருக்கிறது. எனக்கு அன்று முழுக்க யார்மேல் என்று தெரியாமல் கோபமாக இருந்தது.

வழக்கு கைவிடப்பட்டது. கடைக்காரரைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தியிருக்கிறார்கள். அவர் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்றும், "அப்ப அந்த மனுசன் எனக்கு மேல கிடந்தது எனக்காகவோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். விசாவுக்கு இனி ஆபத்தில்லை என்று மகள் தொலைபேசியில் அழுதாள். சிகிச்சைக்கு வரத் தகப்பன் ஒத்துக்கொண்டுவிட்டார், அதுவும் என்னிடம்தான் வருவாராம் என்றாள். பார்க்கலாம் என்றேன். உள்ளுக்குள் எனக்கு நல்ல சந்தோஷம்.

வந்தார். அதே சட்டை மடிப்பு, அதே பொலிஷ். உட்கார்ந்ததும் ஊன்றுகோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். மொத நாளு நீங்க, உங்க வையுங்கன்னு சொன்னீங்க."

"ஓம் ஐயா."

"இது என் குச்சி. நீங்க 'உங்க'ன்னு சொன்னது சரிதான். ஆனா குச்சிங்கற வார்த்தையே வரலையே. உங்க வையுங்கன்னா என்ன வையுங்க? நானும் நாலு வாரமா ரோசிக்கிறேன். கடைக்காரரும் உங்க கிடக்குன்னுதான் சொன்னார். எண்ணெய் அவரோடது. நான் இன்னும் காசு குடுக்கல." ஊன்றுகோலை இறுகப் பிடித்தார். "'உங்க'ன்னா என்னம்மா?"

இப்படி ஒரு கேள்வியை எப்படிச் சமாளித்துத் தள்ளிப்போடுவது என்று நான் படித்திருக்கிறேன். பயிலவருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் முக்கால்வாசி தூரம் தானே நடந்து வந்து என் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். கதவைத் திறக்காமல் இருந்தால் மீதியையும் தனியாகத்தான் நடப்பார். கனவில் வந்து சிரிக்கிற பெண்ணோடு யாரும் வாதாட முடியாது. குற்ற உணர்ச்சியோடு முடியும், அது என் தொழில். பயமில்லாமல் சொன்னேன்.

"நீங்கள் நிற்கிற பக்கம் என்று அர்த்தம் ஐயா. இங்கே, அங்கே மாதிரி, உங்கே. உங்களுடைய என்று சொல்ல நாங்கள் உங்கட என்போம்."

அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், செயற்கைக் காலின் சப்பாத்தை. வெளியே டிராம் வண்டி ஒன்று மணியடித்துப் போனது. நான் அவசரப்படுத்தவில்லை. தண்ணீரை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அப்போ அந்தம்மா சொல்லிச்சு," என்றார்.

"ஓம். சொன்னவ."

"காப்பாத்தத்தான் சொல்லிச்சு."

"ஓம் ஐயா."

அவர் அழுதார். சத்தமில்லாமல், முதுகு நிமிர்ந்தபடியே அழுதார். நானும் அழுதேன், அதை எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அவளுக்குப் பிறகு என்ன ஆனது என்றும் தெரியாது. என் ஊர்க்காரி, என் சொல்லைச் சொன்னவள். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கண்ணைத் துடைத்துவிட்டு ஊன்றுகோலை மூலையில் தானே சாய்த்து வைத்தார். பிறகு கேட்டார்: "அந்தம்மா சொன்னதை நீங்க ஒரு தரம் சொல்லுவீங்களா? உங்க ஊர் மாதிரியே."

"நிச்சயமாகவா ஐயா?"

"சொல்லுங்கம்மா."

செய்தி வாசிக்கிற தமிழை விட்டுவிட்டேன். என் தகப்பன் வயது மனிதரைப் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிற மாதிரியே சொன்னேன்.

"தம்பி, உங்க வெடி கிடக்கு."

அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தலையைப் பின்னால் திருப்பி, அங்கே யாரோ நிற்பது போலப் பார்த்து, உரத்த குரலில் இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை எனக்காகத் தமிழில் சொன்னார்.

"சார், நிறுத்துங்க. நம்ம காலடியில வெடி இருக்காம். அந்தம்மா சொல்லுது."